குழுவின் நாற்பதாண்டு மலருக்கு வரலாறு எழுத வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

பெரம்பூர் பாஸ்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் 1985 முதல் ஒரு சேர்ந்திசைக் குழு, அதாவது பல குரலில் கூட்டாகப் பாடும் குழு, நடந்து வருகிறது. யாருக்கும் சம்பளம் கிடையாது, சேரக் கட்டணமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கூடுவோம். வங்கி ஊழியர், தையற்கடை வைத்திருப்பவர், கல்லூரி மாணவிகள் என்று இப்போது 26 பேர். நான் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது, கடைசி வரிசையில் பாஸ், அதாவது ஆண்களின் தாழ்ந்த குரல் பாடுகிறேன்.

நாற்பதாம் ஆண்டு மலருக்குக் குழுவின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கையில் இருப்பது ஒரு ஆல்பம், சில அழைப்பிதழ்கள், ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய பாட்டு நோட்டுகள். அழைப்பிதழ்களை வைத்து எழுதிப் பார்த்தேன். எந்த வருஷம் யார் தலைமை தாங்கினார், யார் பொன்னாடை போர்த்தினார் என்று நாலு பக்கம் வந்தது. படித்தால் எங்கள் குழு மாதிரியே இல்லை. தொடங்கியவர்களில் பலர் இப்போது இல்லை. என்ன செய்யலாம்?

ஆல்டோ அம்மா:

தம்பி, அந்த நாலு பக்கத்தை ஓரமாக வையுங்கள். தகரப் பெட்டியைத் திறங்கள்.

நான் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 1979-இல் சென்னையில் ஒரு சிறு சேர்ந்திசைக் குழுவில் சேர்ந்து 35 வருஷம் ஆல்டோ, பெண்களில் தாழ்ந்த குரல், பாடினேன். உங்கள் குழு வேறு, எங்கள் குழு வேறு. ஆனால் எங்கள் நோட்டுகளில் என்ன இருந்தது என்று சொன்னால் உங்களுக்கு உதவும்.

முதலில், சென்னையில் இப்படி ஒரு குழு ஏன் முளைத்தது என்பதை எழுதுங்கள். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனைச் சொல்லாமல் அதை எழுத முடியாது. 1961-இல் யேசுதாஸ் முதன்முதலாகத் திரைக்குப் பாடியது அவருடைய இசையில்தான். ‘தென்னங்கீற்று ஊஞ்சலிலே’ அவர் போட்ட மெட்டு. சினிமாவில் அப்படிப் பெயர் வாங்கியவர், 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உண்டாக்கினார். பாட்டு வாத்தியாரிடம் உட்கார்ந்தே இராத பிள்ளைகளையும் நிறுத்தி வைத்துப் பாரதியைப் பல குரலில் பாட வைத்தார். நான் அந்தக் குழுவில் பாடியவள் இல்லை, சபையில் உட்கார்ந்து கேட்டவள். கேட்ட அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 1988 மார்ச் 9-ஆம் தேதி அவர் லட்சத்தீவில் காலமானார். அங்கேயும் சேர்ந்திசை வேலையாகத்தான் போயிருந்தார். செய்தி வந்த வாரம் எங்கள் ஒத்திகையில் யாருக்கும் குரல் எழும்பவில்லை. சுருதிப்பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் எடுத்துக்கொண்ட வேலை எவ்வளவு கடினம் என்பது பாடிப் பார்த்தால்தான் தெரியும். நம் சங்கீதம் ஒற்றை இழையில் போவது. ஆண்களுக்கு ஒரு கட்டை சுருதி சுகம், பெண்களுக்கு அதைவிட உயர்ந்த ஐந்து கட்டை. இரண்டு பேரையும் ஒரே சுருதியில் நிறுத்தினால் ஒருவர் கத்த வேண்டும், மற்றவர் முனக வேண்டும். அடுத்தது கமகம், ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது. முப்பது பேர் ஆளுக்கு ஒரு விதமாக அசைத்தால் பாட்டு குழம்பிப் போகும். எந்த ஸ்வரத்தை அசைப்பது, எதை நேராக நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். ராகமும் கெடக்கூடாது. மோகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களின் உயர்ந்த குரலான சோப்ரானோ ‘ரி’ பாடும்போது அதற்கு இணையாகக் கீழே ‘நி’ வைப்பது மேற்கத்திய வழக்கம். மோகனத்தில் ‘நி’ ஏது? ஆல்டோ கீழே ‘த’வுக்கோ ‘ப’வுக்கோ குதித்தாக வேண்டும். அந்தக் குதிப்பு பழக எனக்கு மூன்று மாதம் பிடித்தது. பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அதையே பாடுவேன்.

இனி நோட்டுகள். எங்களுடையதில் ஸரிகம தமிழில் இருக்கும், மேல் ஸ்தாயிக்குத் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் காலடியில் புள்ளி. வங்காளிப் பாட்டு, மலையாளப் பாட்டு, எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில்தான் எழுதிக்கொள்வோம். பாட்டு வரியில் வரும் ‘க’வை எப்படி உச்சரிப்பது என்று தெரிய பக்கத்தில் 2, 3, 4 என்று போட்டிருக்கும். மூச்சு விடும் இடத்தில் ஒரு சின்ன கொக்கி. பக்கத்தில் நிற்பவளும் நானும் ஒரே இடத்தில் மூச்சு விடக்கூடாது என்பதற்காக அவள் நோட்டில் கொக்கி ஒரு சொல் தள்ளி இருக்கும். இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் யார் பக்கத்தில் நின்றார்கள் என்று இன்றைக்கும் சொல்லிவிடலாம்.

வருகைப் பதிவு கிடைத்தால் அதையும் விடாதீர்கள். தை மாதம் வந்தாலே எங்கள் பெண்கள் வரிசையில் இரண்டு மூன்று இடம் காலியாகும். கல்யாணம். புருஷன் வீட்டில் பாட அனுப்ப மாட்டார்கள். நல்ல குரல்கள் எத்தனையோ அப்படிப் போயின. ஒருத்தி பதினாறு வருஷம் கழித்து, மகளைப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத அனுப்பிவிட்டு, நேராக ஒத்திகைக்கு வந்து பழைய இடத்தில் நின்றாள். நோட்டைக் கொடுத்தோம். வேண்டாம் என்றாள். முழுப் பாட்டும் நினைவில் இருந்தது. தலைமை தாங்கியவர் பெயரை ஒரு வரியில் முடித்துவிட்டு, இப்படிப்பட்டவளுக்கு ஒரு பக்கம் கொடுங்கள்.

பாளை டெனர்:

அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நோட்டில் பாட்டை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். நான் பாளையங்கோட்டைக்காரன், கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் வளர்ந்தவன். எங்கள் அப்பா காலத்துப் புத்தகங்களில் கோடு போட்ட மேற்கத்தியக் குறியீடு இருக்காது. டி, ஆர், எம் என்று ஆங்கில எழுத்துகளும் நடுவில் முக்காற்புள்ளியும் இருக்கும். டோனிக் சொல்ஃபா என்பது அதுதான். இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்கியதை ஜான் கர்வன் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பினார். பியானோ தெரியாத சாதாரண ஜனங்கள் நாலு குரலில் பாடுவதற்காக வந்த முறை. மிஷனரிகளோடு நம்மூருக்கும் வந்தது. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது லாந்தர் வெளிச்சத்தில் அதைப் பார்த்துத்தான் பாடுவோம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

சென்னையிலும் கூட்டாகப் பாடுவது எம்.பி.எஸ்.ஸுக்கு (எம்.பி. சீனிவாசனுக்கு) வெகு காலம் முன்பே இருந்தது. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் என்ற பாடகர் குழு தொடங்கியது 1893-இல். ஆனால் அங்கே பாடியது மேற்கத்திய இசை. நம் மொழியில், நம் ராகத்தில், மதம் சாராத மேடையில் பல குரலில் பாட வைத்ததுதான் எம்.பி.எஸ். செய்த புது வேலை. உங்கள் நோட்டில் ஸரிகம இருந்தால் அது நம் சங்கீத வழி. சொல்ஃபா இருந்தால் தொடங்கியவர்களில் கோயில் குழு ஆள் யாரோ இருந்திருக்கிறார்.

ஹௌரா வாசி:

வேலை காரணமாகக் கல்கத்தாவில் இருப்பவன். இங்கே 1958-இல் பாடகி ரூமா குஹ தாகுர்தா கல்கத்தா யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். இசையமைப்பாளர் சலில் சௌத்ரியும் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ரேயும் கூட இருந்தார்கள். உங்கள் நோட்டில் வங்காளிப் பாட்டு இருந்தால் அது எந்த வழியாகப் பெரம்பூர் வந்தது என்று தேடிப் பாருங்கள். படம் எடுத்துப் போட்டால் வரிகளைப் படித்துச் சொல்கிறேன்.

பெரம்பூர் பாஸ்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பெட்டியைத் திறந்தேன். மொத்தம் 31 நோட்டுகள். பெண்கள் நோட்டு எல்லாவற்றிலும் ஸரிகம, அம்மா சொன்ன அதே புள்ளிகள். ஆண்கள் நோட்டில் ஆறு மட்டும் வேறு மாதிரி. ஆங்கில எழுத்துகள், நடுவில் முக்காற்புள்ளி. ஆறும் பாஸ் நோட்டுகள்! ஒன்றின் உள்ளட்டையில் ரயில்வே குடியிருப்புக் கோயிலின் முத்திரை இருக்கிறது.

அந்தக் கோயிலில் விசாரித்தேன். ஆறு பேரில் ஒருவர் இருக்கிறார், வயது 83, ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். போன் போட்டேன். 1985-இல் எங்கள் குழுவில் தாழ்ந்த குரலுக்கு ஆளே இல்லையாம். கோயில் பாடகர் குழுவிலிருந்து ஆறு பேர் ஞாயிறு ஆராதனை முடித்து, வீட்டில் சாப்பிட்டு, சைக்கிளில் நாலு மணிக்கு இங்கே வந்திருக்கிறார்கள். பாரதி பாட்டைத் தங்களுக்குத் தெரிந்த சொல்ஃபாவில் எழுதிக்கொண்டு பாடியிருக்கிறார்கள். நான் நிற்கும் வரிசை அவர்கள் போட்ட வரிசை. மூன்று வருஷமாக எனக்கு இது தெரியாது.

பேசும்போதே போனில் பாஸ் பகுதியைப் பாடிக் காட்டினார். சரணத்தில் ஒரு இடத்தில் நாங்கள் இப்போது ‘ஸ’வில் நிற்கிறோம், அவர் ‘ப’வுக்கு இறங்கினார். நோட்டைப் பார்த்தேன், அவர் பாடியதுதான் அதில் இருக்கிறது. நடுவில் எப்போது மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. வரும் ஞாயிறு ஆட்டோ வைத்து அவரை ஒத்திகைக்கு அழைத்து வருகிறோம். என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள் அம்மா.

ஆல்டோ அம்மா:

தம்பி, இதைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.

வந்ததும் கேள்வி கேட்காதீர்கள். கை வைத்த நாற்காலியாகப் பார்த்து, உங்கள் வரிசையிலேயே, உங்களுக்குப் பக்கத்தில் போடுங்கள். வெந்நீர் வைத்திருங்கள். அவருடைய பழைய நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சுருதிப்பெட்டியைப் போடுங்கள். அந்தச் சரணத்தில் நீங்கள் எல்லோரும் அவரோடு ‘ப’வுக்கு இறங்குங்கள். போனில் ஒலிப்பதிவு ஓடட்டும். பேட்டியெல்லாம் காபி குடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.