சந்தேகம்: காரின் ரூஃப் துணி தொங்குகிறது, ஊசியில் பசை ஏற்றினால் நிற்குமா?

கேள்வி

2006 மாடல் செடான். பின் சீட்டுக்கு மேலே ரூஃப் துணி தொப்பை போட்டுத் தொங்குகிறது. உள்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி பாதிதான் தெரிகிறது, ஜன்னலை இறக்கினால் துணி படபடக்கிறது. ஓரங்கள் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன, கிழிசலும் இல்லை. விரலால் தள்ளினால் செம்மண் போலத் தூள் கொட்டுகிறது. தகடு துருப்பிடித்துவிட்டதா? சிரிஞ்சில் பசை ஏற்றித் துணி வழியாகச் செலுத்தினால் போதுமா?

பதில்

அது துரு இல்லை சார், ஃபோம். ரூஃப் துணிக்குப் பின்னால் சுமார் 3 மி.மீ. பாலியூரித்தேன் ஃபோம் ஒட்டியே வரும். கூரைத் தகட்டுக்குக் கீழே மாட்டியிருக்கும் அட்டையில் அந்த ஃபோமைத்தான் பசை பிடித்திருக்கிறது. வெயிலிலும் ஈரக்காற்றிலும் வருடக்கணக்கில் கிடந்து ஃபோம் மக்கிவிடுகிறது. பாதி அட்டையோடும் பாதி துணியோடும் நிற்க, நடுவில் பிளந்துகொள்கிறது. பழைய பசை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்! அதனால் ஊசியில் எந்தப் பசையை ஏற்றினாலும் அது தூளைத்தான் பிடிக்கும், அட்டையைப் பிடிக்காது. கூடவே துணியில் கறை ஊறி நிற்கும்.

பதில்

தற்காலிகமாக ஓட்ட வேண்டுமென்றால் திருகாணி போல முறுக்கிய கம்பியுள்ள ட்விஸ்ட் பின் கிடைக்கிறது. துணி வழியாக அட்டையில் திருகிவிடலாம். கண்ணாடி மறைக்காமல் இருக்க அது போதும். இரண்டு மாதத்தில் பின்களுக்கு நடுவே மறுபடி தொங்கும்.

கேட்டவர்

சரி, முழுசாகவே செய்துவிடுகிறேன். அட்டையைக் கழற்றாமல், உள்ளேயே வைத்துத் துணியை மாற்ற முடியுமா?

பதில்

முடியாது. தலைக்கு மேல் ஸ்ப்ரே அடித்தால் முகத்திலும் சீட்டிலும்தான் விழும். கழற்றுவது அப்படியொன்றும் பெரிய வேலையில்லை. பக்கவாட்டுத் தூண் ட்ரிம்மில் (தூணை மூடும் உறையில்) ஏர்பேக் என்று குறியிருந்தால் மட்டும் முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வண்டிக் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருங்கள். ட்ரிம்மை நெம்பும்போது ஏர்பேக் சுருளில் ஸ்க்ரூடிரைவர் படக்கூடாது.

கழற்றும் வரிசை: சன் வைசர், கைப்பிடிகள், உள்விளக்கு, தூண் ட்ரிம், கதவோர ரப்பர் பீடிங், கடைசியாகப் பின்பக்கக் க்ளிப்புகள். க்ளிப்பை எடுக்கும்போது ஒருவர் அட்டையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். முன்சீட்டுகளை முழுக்கச் சாய்த்து, முன்பக்கப் பயணிக் கதவு வழியாகச் சாய்வாக எடுங்கள். அட்டை மடங்கினால் அந்த இடத்தில் கோடு விழும், புதுத் துணி போட்ட பிறகும் அது தெரியும்.

பழைய துணியை உரித்ததும் மீதி ஃபோமை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், அட்டையின் மேல்தோல் கிளம்பிவிடும். முகக்கவசம் அவசியம். வேலையில் பாதி நேரம் இங்கேதான் போகும், இதில் அவசரப்பட்டவர்களுக்குத்தான் மறுபடி தொங்குகிறது. உள்ளங்கையால் தடவினால் தூள் ஒட்டக்கூடாது, அதுதான் கணக்கு.

கேட்டவர்

கழற்றிவிட்டேன். ஒரு கைப்பிடித் துளையருகே அட்டை விரிசல் விட்டிருக்கிறது. ஒரு மூலையில் பழுப்பு வளையமும் இருக்கிறது. ஃபோம் இல்லாத சாதாரணத் துணி போடலாமா? எவ்வளவு வாங்குவது?

பதில்

பழுப்பு வளையம் என்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்த மூலைக்கு மேலே ஆண்டெனா அடியையும் கூரை இணைப்பின் சீலன்ட்டையும் பாருங்கள், சன்ரூஃப் இருந்தால் வடிகுழாயையும். கசிவை அடைக்காமல் துணி போட்டால் பணம் தண்டம். விரிசலுக்குப் பின்பக்கத்தில் கண்ணாடி இழைத் துணி வைத்து ரெசின் தடவிக் காயவிடுங்கள்.

ஃபோம் இல்லாத துணி வேண்டவே வேண்டாம். அட்டையின் மேடு பள்ளத்தை மறைப்பதே ஃபோம்தான். அட்டையை அளந்து, நாலு பக்கமும் 10 செ.மீ. கூடுதலாக வாங்குங்கள். பசை, ரூஃப் லைனிங்குக்கென்றே வரும் சூடு தாங்கும் கான்டாக்ட் ஸ்ப்ரே. நடுத்தர செடானுக்கு இரண்டு கேன் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கைவேலை ஸ்ப்ரே வெயிலில் இளகிவிடும்.

கேட்டவர்

பாதி ஒட்டிவிட்டேன். இரண்டு இடத்தில் துணியில் ஈரம் போலக் கறுப்புத் திட்டு. உள்விளக்குக் குழியில் துணி உட்காராமல் தோல் போர்த்திய மாதிரி நிற்கிறது.

பதில்

திட்டு விழுந்தது பசை ஊறியதால். கேனை மிக அருகில் பிடித்திருப்பீர்கள், அல்லது ஈரம் போகும் முன்பே துணியைச் சாத்தியிருப்பீர்கள். அது இனி போகாது. மீதிப் பாதிக்கு ஒரு அடி தள்ளிப் பிடித்து, அட்டையிலும் ஃபோமிலும் மெல்லிசாக அடியுங்கள். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலோடு வரக்கூடாது. அந்தப் பதம் வந்த பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவுங்கள். அழுத்தித் தேய்த்தால் ஃபோம் தட்டையாகி, கைத்தடம் அப்படியே நிற்கும்.

குழிக்கு மேல் துணியை இழுத்துப் பிடித்து ஒட்டியதுதான் அங்கே நடந்த தப்பு. குழி வரும்போது துணியைத் தளரவிட்டு, முதலில் பள்ளத்தின் அடியை விரல் நுனியால் அமுக்கி, பிறகு சுவரை, கடைசியில் விளிம்பை ஒட்ட வேண்டும். இப்போது அந்த இடத்தை மட்டும் மெதுவாக உரிக்கப் பாருங்கள். ஃபோம் கிழிந்து வந்தால் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் புதுத் துணிதான்.

பதில்

ஒன்று விட்டுப்போயிற்று. துணியை ஒட்டி முடித்த பிறகு, துளை வரும் இடங்களில் துளையைவிடச் சிறிதாக எக்ஸ் வடிவில் வெட்டுங்கள், முனைகளைப் பின்னால் மடித்து ஒட்டலாம். ஓரத் துணியை 3 செ.மீ. விட்டு மடியுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். மாட்டும்போது எல்லாத் திருகும் துளைக்கு நேராக வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் ஒன்றையாவது இறுக்க வேண்டும்.