கடைவீதியில் எதிர்ப்பட்ட உலகச் செய்தி

மஞ்சக்குப்பம், கடலூர்

தொலைவில் நடக்கும் போரையும் பஞ்சத்தையும் கைப்பேசியில் பார்த்துவிட்டு நாம் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம் என்று வருந்தி எழுதுபவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான் என்றாலும், எல்லோரையும் பற்றிப் பொதுவாகச் சொல்வதால் அது யார் மனத்திலும் தைப்பதில்லை. ஆகவே, ஊரே வாங்குவதிலும் கொண்டாடுவதிலும் மூழ்கியிருந்த ஒரு நாளில், அந்தத் தொலைதூரச் செய்தியைத் தன் வீட்டுச் செய்தியாகச் சுமந்துகொண்டு நின்ற ஒருவரை நம் கடலூரிலோ புதுச்சேரியிலோ நீங்கள் நேரில் கண்டிருந்தால், அதை மட்டும் நம் குழுவில் இங்கே எழுதுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நான் கண்டதை முதலில் எழுதுகிறேன்.

2009 ஏப்ரல் 27, திங்கட்கிழமை. அன்று அட்சய திருதியை. தங்கையின் திருமணத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்துவந்த நகையில் அன்று ஒரு பவுனாவது சேர்ந்துவிட வேண்டும் என்று அம்மா விரும்பியதால், அவரை அழைத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் ஒரு நகைக்கடைக்குப் போயிருந்தேன். வாசலில் பந்தல் போட்டு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மாட்டியிருந்த தொலைக்காட்சியில், இலங்கையில் போரை நிறுத்தக் கோரி, சென்னையில் அண்ணா நினைவிடத்தில் அன்றைய முதல்வர் கருணாநிதி அதிகாலையில் தொடங்கியிருந்த உண்ணாவிரதம் காட்டப்பட்டது. இடையிடையே செய்கூலி, சேதாரம் இல்லை என்ற விளம்பரம் வந்தது. அது முடிந்ததும் தென்னாப்பிரிக்காவில் நடந்துகொண்டிருந்த ஐ.பி.எல். ஆட்டங்களின் செய்தி வந்தது.

எங்களுக்கு முன்னால் நின்றிருந்த ஓர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்திருந்தார். எல்லோரும் வாங்க வந்திருந்த அந்த நாளில் அவர் மட்டும் ஒரு சோடித் தோட்டை விற்க வந்திருந்தார். "இன்னைக்குப் பழைய நகை எடுக்கிறதில்லம்மா, நாளைக்கு வாங்க" என்று கடைப்பையன் பணிவாகத்தான் சொன்னான். அவர் நகரவில்லை. அவருடைய தங்கையும் தங்கையின் மூன்று பிள்ளைகளும் இலங்கையின் வடக்கே போர் நடந்த வன்னிப் பகுதியில், புதுக்குடியிருப்பில் இருந்தவர்கள். தை மாதத்துக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. வவுனியாவில் தெரிந்த ஒருவருக்குப் பணம் அனுப்பினால், வன்னியிலிருந்து வெளியேறி வந்தவர்களை அடைத்துவைத்திருக்கும் முகாம்களில் தேடிப் பார்த்துச் சொல்வார் என்பதற்காகவே அந்தத் தோடு கைக்கு வந்திருந்தது. என் அம்மா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டதால் இவ்வளவும் தெரிந்தது.

நண்பகல் வாக்கில், கனரக ஆயுதங்களைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டதாக இலங்கை அரசு அறிவித்திருப்பதாகவும், அதனால் உண்ணாவிரதம் முடிவுக்கு வந்ததாகவும் செய்தி ஓடியது. கடையில் இருந்தவர்கள் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்கள். "அப்பாடா, போர் நின்னுடுச்சு" என்று யாரோ சொன்னார். அவர்கள் முகத்தில் உண்மையான நிம்மதி இருந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிறகு எல்லோரும் நகைத் தட்டுகளுக்குத் திரும்பினார்கள். அந்த அம்மா மட்டும் என்னைப் பார்த்து, "தம்பி, சண்டை நிண்டுட்டுதெண்டு சொல்லுகினம், மெய்தானே?" என்று கேட்டார். தொலைக்காட்சியில் சொன்னதைத் திருப்பிச் சொல்வதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

போர் நிற்கவில்லை. மேலும் மூன்று வாரங்கள் முள்ளிவாய்க்காலில் குண்டுகள் விழுந்தன. அந்த இறுதிக் கட்டத்தில் இறந்த பொதுமக்களின் எண்ணிக்கை 40,000 வரை இருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் எழுதியது. அந்த வாரங்களில் தமிழ்நாட்டில் தேர்தல் பிரசாரம் நடந்தது, மே 13 அன்று வாக்களித்தோம், ஐ.பி.எல். ஆட்டங்கள் மே 24 இறுதி ஆட்டம் வரை தொடர்ந்தன. அன்று நகை வாங்கியவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, என் தாயும் அவர்களில் ஒருவர். செய்தியும் விளம்பரமும் ஆட்டமும் ஒரே திரையில் ஒரே வேகத்தில் ஓடும்போது, செய்தி முடிந்ததையே நிகழ்ச்சி முடிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. நம் கவனம் சிதறுவதால் விளையும் கேடுகளில் பெரியது இதுதான் என்று நான் கருதுகிறேன். அறியாமல் இருப்பவரிடமாவது எடுத்துச் சொல்லலாம். முடிந்துவிட்டது என்று நம்புகிறவரிடம் எதையும் சொல்லத் தொடங்கவே முடிவதில்லை.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

நான் செவிலியர். பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. அகமதாபாத்தில் உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதி ஆட்டம் நடந்த நாள். பணி முடிந்து மாலையில் நேரு வீதி வழியாக வந்தபோது, ஒரு மின்சாதனக் கடையின் வாசலில் ஐம்பது அறுபது பேர் நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காந்தி வீதியில் ஞாயிறு சந்தை வழக்கம்போல் நிரம்பியிருந்தது. அங்கே கம்பளிக் குல்லாய் வாங்கிக்கொண்டு வந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் நின்றார். அவருடைய பெண்குழந்தை எங்கள் பிரிவில் இருந்தது. 1,300 கிராம் எடையில் பிறந்த குழந்தை.

அன்று காஸாவின் அல்-ஷிஃபா மருத்துவமனையிலிருந்து 31 குறைமாதக் குழந்தைகளை வெளியேற்றித் தெற்கே ராஃபாவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அதை அவர் கைப்பேசியில் படித்திருந்தார். "சிஸ்டர், கரண்ட் போயிடுச்சுன்னா நம்ம பாப்பாவுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார். எங்களிடம் ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொன்னேன். அவர் விடவில்லை, அந்த ஜெனரேட்டரும் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். ஆகவே உள்ளதைச் சொன்னேன். அவ்வளவு சிறிய குழந்தைக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் வலிமை அதற்கு இருக்காது. உடல் குளிர்ந்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கும், மூச்சு திணறும். இன்குபேட்டர் இல்லாத நேரத்தில் தாயின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து வைத்திருப்பதே நமக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி. அதைக் கங்காரு முறை என்போம். ஆனால் அல்-ஷிஃபாவில் எரிபொருள் தீர்ந்து இன்குபேட்டர்கள் நின்றபோது, குழந்தைகளை ஒரே கட்டிலில் நெருக்கமாகப் படுக்கவைக்க வேண்டியிருந்தது. அவர்களில் பலருக்கு அணைத்துக்கொள்ளத் தாய் பக்கத்தில் இல்லை.

அதற்குள் கடை வாசலில் பெரிய கூச்சல் எழுந்தது. எங்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள், தள்ளி நின்றோம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் காலையில் ஆட்டத்தைப் பற்றித்தான் வார்டில் பேசிக்கொண்டிருந்தேன். மேலே எழுதிய ஐயா சொன்னது சரி என்பதை மறுநாள் கண்டேன். "எல்லாத்தையும் காப்பாத்திட்டாங்களாமே" என்று உடன் பணிபுரியும் இருவர் சொன்னார்கள். வெளியேற்றுவதற்கு முன்பே சில குழந்தைகள் இறந்திருந்தன. ராஃபா போய்ச் சேர்ந்தவர்களில் 28 பேர் மறுநாள் எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை மருத்துவமனையை விட்டு வெளியே வந்த பிறகும் கண், காது, மூளை வளர்ச்சி என்று மாதக்கணக்கில் கவனிக்க வேண்டும் என்பதை அறிந்த எனக்கு, அந்த 28 பேரும் இன்றுவரை முடியாத செய்தியாகவே இருக்கிறார்கள். அந்தத் தந்தைக்கும் அப்படித்தான். மகளை வீட்டுக்கு அழைத்துப்போகும் நாளில் அவர்களைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று என்னிடம் கேட்டார்.

தேவனாம்பட்டினம், கடலூர்

நீங்கள் இருவரும் செய்தியைச் சுமந்தவரைச் சந்தித்தவர்கள். நான் செய்தியாக இருந்தவன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் எங்கள் ஊரைக் கடல் எடுத்தபோது நான் பள்ளி மாணவன்.

யாரும் எங்களைக் கவனிக்காமல் போய்விடவில்லை. முதல் இரண்டு வாரங்கள் உலகமே எங்களைக் கவனித்தது. சோறும் பாயும் மருந்தும் வந்தன, அந்த நன்றியை மறக்க மாட்டோம். ஆனால் அந்தக் கவனத்திலேயே வேறொன்றும் கலந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர் வண்டிகள் வந்து சில்வர் பீச் சாலையில் நிற்கும். உடைந்த படகுக்கு முன்னால் குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பழைய துணிகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து சாலையோரம் கொட்டினார்கள். கல்லு வைத்த சேலைகளையும் குளிர்நாட்டுக் கோட்டுகளையும் வைத்துக்கொண்டு மீன்பிடிக் குடும்பம் என்ன செய்யும்? பழைய துணி உடுத்திப் பழக்கமில்லாத பெண்கள் அவற்றைத் தொடவில்லை. மழையில் நனைந்து அப்படியே கிடந்தன. எங்கள் துக்கத்தையும் சிலர் ஒரு சரக்காகவே பார்த்துவிட்டுப் போனார்கள் என்று சொல்வதற்கு எனக்கு உரிமை இருக்கிறது.

தற்காலிகக் கொட்டகைகளில் நாங்கள் வெயிலில் வெந்துகொண்டிருந்தபோது எந்தக் கேமராவும் வரவில்லை. அதனால், தொலைதூரத் துயரத்துக்கு உதவ விரும்புகிறவர்களிடம் ஒன்று சொல்வேன்: முதல் வாரத்தில் கொடுப்பதில் பாதியை எடுத்துவைத்து ஆறாவது மாதத்தில் கொடுங்கள்.

லாஸ்பேட்டை, புதுச்சேரி

ஜவுளிக்கடையில் விற்பனையாளனாக இருப்பவன் என்ற முறையில் சுருக்கமாக எழுதுகிறேன். கடைத் தொலைக்காட்சியில் செய்திச் சேனல் வைக்கக் கூடாது என்பது நான் வேலை பார்த்த இரண்டு கடைகளிலும் எழுதப்படாத விதி. செய்தியைப் பார்க்கும் வாடிக்கையாளர் கைக்கு எடுத்த துணியைக் கீழே வைத்துவிடுவார் என்பதே காரணம். 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நாட்களில் மட்டும் அந்த விதி தளர்ந்தது. ஐ.பி.எல். ஆட்டங்களே மே 9 அன்று நிறுத்திவைக்கப்பட்டன. எங்களோடு வேலை பார்க்கும் ஒரு அக்காவின் மகன் ராணுவத்தில் இருந்ததால், வாடிக்கையாளர்களே அவரிடம் விசாரித்தார்கள். ஓர் அம்மா புடவை எடுப்பதை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மே 17 அன்று ஆட்டம் மீண்டும் தொடங்கியது, எங்கள் திரையிலும் விளம்பரம் திரும்பியது.

அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று தீபாவளி. அதற்கு அடுத்த வாரம், அளவு சரியில்லை என்று துணியை மாற்றிக்கொள்ள வருபவர்களின் வரிசை நீளமாக இருக்கும். அந்த வாரத்தில்தான் சூடானில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முற்றுகைக்குப் பிறகு எல் ஃபாஷர் நகரம், அந்நாட்டு ராணுவத்தோடு போரிட்ட ஆர்.எஸ்.எஃப். என்ற துணைராணுவப் படையிடம் வீழ்ந்து, அங்கே பெருங்கொலை நடந்தது. 2023 ஏப்ரலில் தொடங்கிய அந்தப் போரில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்திருக்கிறார்கள். நான் உணவு இடைவேளையில் படித்துவிட்டு மேலே வந்தேன்; அந்த வாரம் முழுவதும் கடையில் ஒருவர் வாயிலிருந்தும் அந்த ஊரின் பெயர் வரவில்லை, ஏனென்றால் கையைப் பிடித்து விசாரிக்கச் சூடானிலிருந்து வந்த அக்கா எவரும் எங்களிடம் இல்லை. இங்கே உயர்கல்வி நிலையங்களில் ஆப்பிரிக்க மாணவர்கள் படிக்கிறார்கள். அவர்களில் சூடானியர் யாரையேனும் அறிந்த உறுப்பினர்கள் இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு, அந்த வாரத்தை அவர்கள் இந்த ஊரில் எப்படிக் கடந்தார்கள் என்று கேட்டு எழுத வேண்டும்.