ஊராட்சி பெருத்துப் போச்சு: பேரூராட்சி ஆக்கணுமா, இப்படியே விடணுமா?

வாய்க்கால்மேடு

மாநகராட்சி எல்லையை ஒட்டி வீங்கிக்கிட்டே போற ஊராட்சிகளைப் பத்தித்தான் கேள்வி. ஜனத்தொகை 5,000-க்கு மேல, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் உழைப்பாளிகள்ல நாலுக்கு மூணு பேர் விவசாயம் சாராத வேலை. இந்த மூணும் இருந்தா மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதை நகரம்னு எழுதிக்கும். 2011-ல தமிழ்நாட்டுல அப்படி 376 ஊர். ஆனா அரசாங்கக் காகிதத்துல அப்ப அதெல்லாம் ஊராட்சி, அதாவது கிராமம். 2025 ஜனவரியில 13 புது நகராட்சி, 25 புது பேரூராட்சின்னு அறிவிப்பு வந்ததுல இருந்து விட்டுப்போன ஊர்லயும் பேச்சு கிளம்பிருச்சு.

பேச வசதியா ஒரு ஊரை வெச்சுக்குவோம். 12,000 பேர், 3,500 வீடு, கோவை மாநகராட்சி எல்லையில இருந்து 5 கிலோமீட்டர், பாதி மனைப்பிரிவு, மீதி தோட்டம். தனிப் பேரூராட்சி ஆகலாமா? என் சாய்வு ஆகலாம்னுதான்.

மேல்தொட்டி

ஆகணும். தண்ணியில இருந்து ஆரம்பிக்கிறேன். ஊரகக் குடிநீர்த் திட்டத்துல ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர்தான் கணக்கு. 12,000 பேருக்கு 6.6 லட்சம் லிட்டர். 60,000 லிட்டர் தொட்டி ஒண்ணே ஒண்ணுன்னா நாளைக்கு 11 தடவை நிரப்பணும், மோட்டார் நிக்கவே கூடாது. மூணு தொட்டி இருந்தாலும் புது மனைப்பிரிவுக்குத் தனி பிரதானக் குழாய் போடாம, பழைய தெருவுக்குன்னு போட்ட 63 மில்லி பிவிசி குழாயோட கடைசியில இருந்தே நீட்டிட்டுப் போறாங்க. முன்னாடி இருக்கிற நாலு வீட்டுக்காரர் குழாயில நேரா மோட்டார் வெச்சு உறிஞ்சுனா கடைசித் தெருவுக்குக் காத்துதான் வரும். நகர அளவுகோல்ல சாக்கடை இல்லாத ஊருக்கே 70 லிட்டர், பாதாளச் சாக்கடை இருந்தா 135. பேரூராட்சி ஆனா வடிவமைப்பே அந்தக் கணக்குல நடக்கும்.

ரெண்டாவது ஆள்பலம். இப்ப ஒரே ஒரு ஊராட்சிச் செயலர். வரி ரசீது, குழாய் இணைப்பு, கட்டட அனுமதி, தெருவிளக்குப் புகார், நூறு நாள் வேலைப் பதிவு எல்லாம் அவர் தலையில. பேரூராட்சின்னா செயல் அலுவலர், வரித்தண்டலர், இளநிலை உதவியாளர், துப்புரவு மேற்பார்வையாளர்னு ஒரு அலுவலகமே வரும்.

கிராமசபைக்காரன்

தொட்டி அண்ணே, பலகை மாத்துனா ஆத்துல தண்ணி கூடுமா? 135 லிட்டர் அளவுகோல்தான், ஒதுக்கீடு இல்ல. குடிநீர் வடிகால் வாரியம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல உங்க ஊருக்கு என்ன பங்குன்னு எழுதிருக்கோ அதுதான் வரும். பங்கைக் கூட்டணும்னா ஊராட்சியா இருந்தே கேக்கலாம்.

போறது என்னன்னு சொல்றேன். நூறு நாள் வேலை போகும். 2025-26 கூலி 336 ரூபாய். முழுசா 100 நாள் கிடைச்சா ஒரு குடும்பத்துக்கு 33,600. ஊர்ல 400 குடும்பம் அட்டை வெச்சிருந்து பாதி நாள்தான் கிடைச்சுதுன்னு வெச்சாக்கூட வருஷத்துக்கு 67 லட்சம் ரூபாய் நேரா அடுப்படிக்குப் போகுது. மத்திய அரசு சட்டத்தை மாத்தி வேற பேர் வெச்சாலும் அது ஊரகத்துக்கு மட்டும்தான். நகர்ப்புற வேலைத் திட்டம்னு மாநில அரசு 2022-ல ஆரம்பிச்சது தேர்ந்தெடுத்த சில இடத்துல சோதனைதான். கலைஞர் கனவு இல்லம், 360 சதுர அடிக்கு 3.5 லட்சம், அதுவும் ஊரகத்துக்குத்தான்.

இதையெல்லாம் விடப் பெருசு, ஊராட்சித் தலைவரை நம்ம கையால நேரடியா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம், கட்சிச் சின்னம் இல்லாம. நிர்வாக அதிகாரம் அவர்கிட்ட. தலைவரும் துணைத்தலைவரும் கையெழுத்துப் போட்டாத்தான் காசோலை. பேரூராட்சியில தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பாங்க, கட்சி அடிப்படையில. நிர்வாகம் செயல் அலுவலர்கிட்ட. அவர் மாறுதல்ல வர்ற ஆளு. வருஷத்துக்கு ஆறு கிராமசபை, குடியரசு நாள்ல இருந்து நவம்பர் 1 உள்ளாட்சி நாள் வரைக்கும், கணக்கை எந்திரிச்சு நின்னு கேக்கலாம். அதை எதுக்கு விடணும்?

மூணாவது வார்டு

அந்த ஆறு கிராமசபைக்கும் எத்தனை பேர் வர்றாங்கன்னு யாராச்சும் எண்ணிருக்கீங்களா? மனைப்பிரிவுல இருந்து ஒருத்தர்கூட வர்றதில்ல. சும்மா சொல்லிட்டுப் போறேன்.

ரசீதுபுத்தகம்

வரியைப் பத்தி யாரும் பேசல, அதுதான் முதல்ல வந்து கதவைத் தட்டும்.

ஊராட்சியில வீட்டு வரிங்கறது கூரையப் பாத்துப் போடுறது. கூரை, ஓடு, கான்கிரீட், அப்புறம் பரப்பு. தெரு எந்தத் தெருன்னு அது பாக்காது. பேரூராட்சியில ஊரை மண்டலமாப் பிரிச்சு, சதுர அடிக்கு அடிப்படை மதிப்பு வெச்சு, குடியிருப்பா கடையா, கட்டடத்துக்கு வயசு என்னன்னு பாத்து அரையாண்டு வரி போடுவாங்க. அதனால மெயின் ரோட்டுல கடை வெச்சிருக்கறவருக்கும் உள்ள இட்டேரியில ஓட்டு வீட்டுக்காரருக்கும் இப்ப இருக்கிற வித்தியாசம் பல மடங்கு விரியும். அது நியாயம்தான்னு நான் நெனைக்கிறேன், ஆனா சொல்லிட்டுச் செய்யணும்.

2022 ஏப்ரல்ல நகர்ப்புற சொத்து வரி ஏறுனப்ப, சென்னையோட பழைய பகுதிக்கு வெளிய, 600 சதுர அடிக்குள்ள இருந்த வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரைக்கும் 50, 1,800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100. ஊராட்சிகளுக்கு அது பொருந்தல. இப்ப நகர்ப்புறத்துல வருஷத்துக்கு 6 சதவீதம் ஏத்த விதியிலேயே இடம் இருக்கு. ஒவ்வொரு வருஷமும் ஏத்துனா 12 வருஷத்துல ரெட்டிப்பு. காலிமனைக்கும் வரி உண்டு. மனையை வாங்கிப் போட்டுட்டுச் சென்னையிலயும் துபாய்லயும் இருக்கறவங்களுக்கு முதல் முறையா ரசீது போகும். என்னைக் கேட்டா பேரூராட்சிக்கு ஆதரவா இருக்கிற ஒரே உருப்படியான காரணம் அதுதான். கருவேல முள்ளு மண்டின மனைக்கும் சேத்துத்தான் தெருவிளக்கு எரியுது.

இன்னொண்ணு. இங்க வழிகாட்டி மதிப்பு ஏறிரும்னு ஒரு பயம் சுத்துது. அதை நிர்ணயம் பண்றது பதிவுத்துறை, உள்ளாட்சி வகையை மாத்துனதும் தானா ஏறாது. கிரயத்துக்கு முத்திரை 5, மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அது ஊராட்சியா இருந்தாலும் பேரூராட்சியா இருந்தாலும் ஒண்ணுதான்.

கிராமசபைக்காரன்

ரசீது சார், தோட்டக்காரரை விட்டுட்டீங்க. விவசாய நிலம் வித்தா இப்ப வருமான வரி இல்ல. பேரூராட்சி எல்லைக்குள்ள வந்தா மூலதன ஆதாய வரி, அதாவது வித்த லாபத்துக்கு வரி. எங்க தோட்டக்காரங்க எதிர்க்கிறதுக்கு முதல் காரணமே இதுதான்.

ரசீதுபுத்தகம்

பாதி சரி. 10,000 பேருக்குக் குறையாத நகர உள்ளாட்சி எல்லைக்குள்ள இருந்தா விவசாய நிலம் மூலதனச் சொத்து ஆயிரும். மீதிப் பாதி, எல்லைக்கு வெளிய இருந்தாலும் தூரம் பாப்பாங்க. பக்கத்து நகரத்தோட ஜனத்தொகை 10,000-க்கு மேல 1 லட்சம் வரைன்னா 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரைன்னா 6, அதுக்கு மேலன்னா 8. ரோட்டுல அளக்கிற தூரம் இல்ல, ஆகாய வழி. 2011 கணக்குல கோவை மாநகராட்சி 10.5 லட்சம், ஆக 8 கிலோமீட்டர். நம்ம உதாரண ஊர் 5 கிலோமீட்டர்ல இருக்கு. அந்தத் தோட்டத்துக்கு இப்பவே வரி விலக்கு கிடையாது! ஆடிட்டர் சொல்லலேன்னா அது வேற கதை. 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்குத்தான் உங்க வாதம் எடுபடும்.

வாய்க்கால்மேடு

இதை எதிர்பாக்கல. நன்றிங்க. சாக்கடைக்கு வருவோம். பேரூராட்சி ஆனா பாதாளச் சாக்கடை வரும்னுதான் மனைப்பிரிவுல பாதிப் பேர் ஆதரிக்கிறாங்க.

மேல்தொட்டி

என் பக்கத்து ஆளுகளையே மறுக்க வேண்டியிருக்கு. வராது, வரவும் கூடாது. குழாய்ச் சாக்கடை தானாக் கழுவிக்கிட்டு ஓடணும்னா நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் வேணும். ஆளுக்கு 135 லிட்டர் குடுத்தா அதுல 80 சதவீதம், சுமார் 108 லிட்டர் சாக்கடைக்குத் திரும்பும், அப்பத்தான் அந்த வேகம் கிடைக்கும். 55 லிட்டர் குடுக்கிற ஊர்ல 44 லிட்டர்தான் திரும்பும். மலம் குழாயிலயே படியும், ஆள்நுழைவுக் குழி பொங்கும், அப்புறம் அதைச் சுத்தம் பண்ண மனுசனை இறக்குவாங்க. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

12,000 பேர் ஊருக்குச் சரியான வழி மலக்கசடு மேலாண்மை. 3,500 வீட்டுல செப்டிக் டேங்கை மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்தா வருஷத்துக்கு சுமார் 1,170 லோடு, 300 வேலை நாள்னா நாளைக்கு நாலு லாரி. இப்ப அந்த நாலு லாரியும் எங்க கொட்டுதுன்னு ராத்திரி பத்து மணிக்கு மேல ஓடைப் பாலத்துல நின்னு பாருங்க. கோவை பெரியநாயக்கன்பாளையம் பேரூராட்சியில கசடு சுத்திகரிப்பு நிலையமே கட்டினாங்க. செப்டிக் லாரிக்கு உரிமம் குடுக்கிறதும் ரத்து பண்றதும் ஒரு அலுவலகமும் ஆளும் இருந்தாத்தான் நடக்கும். ஒத்தைச் செயலர் லாரிக்குப் பின்னால ஓட முடியாது.

குப்பையும் அப்படித்தான். ஆளுக்கு 300 கிராம்னா நாளைக்கு 3.6 டன். 150 வீட்டுக்கு ஒரு தூய்மைக் காவலர் கணக்குல 23 பேர் வேணும். பழைய வீட்டுக் கணக்குல 10 பேரை வெச்சு ஓட்டுனா மிச்சக் குப்பை ரோட்டோரம் எரியும்.

கிராமசபைக்காரன்

சாக்கடை விஷயத்துல நேர்மையாப் பேசுனீங்க, ஒத்துக்கறேன். ஆனா ஆள் வருவாங்கன்னு நம்பறீங்களே, அங்கதான் இடிக்குது. பேரூராட்சியில இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலைன்னு வருமானத்தைப் பாத்துத் தரம். புதுசா ஆகுற ஊருக்குப் பணியிடம் உடனே முழுசா வராது. பக்கத்து ஊர் செயல் அலுவலருக்குக் கூடுதல் பொறுப்புன்னு ஆரம்பிப்பாங்க. செவ்வாய், வெள்ளி மட்டும் வருவார். தலைவர்னா காலையில டீக்கடையில மடக்கிக் கேக்கலாம்.

இன்னொரு கேள்வி. தனிப் பேரூராட்சி ஆனா மாநகராட்சி நம்மள விழுங்காதுன்னு சிலர் சொல்றாங்க. 2011-ல சென்னை 174-ல இருந்து 426 சதுர கிலோமீட்டர் ஆனப்ப 42 உள்ளாட்சியை இழுத்துக்கிட்டாங்க, அதுல 8 பேரூராட்சி. 2021-ல தாம்பரம் மாநகராட்சி ஆனப்ப 5 பேரூராட்சி போச்சு. வேலி போட்டாலும் மாடு மேயும்.

வாய்க்கால்மேடு

அது சரிதான். ஆனா அந்த 42-ல 25 ஊராட்சி. அவங்களுக்கும் வேலி இல்ல. அப்பறம், மாத்துனா திரும்பி வரவே முடியாதுன்னும் இல்ல. 2004-ல பேரூராட்சிகளைச் சிறப்பு கிராம ஊராட்சின்னு மாத்துனாங்க, ஊரகத் திட்டப் பணம் கிடைக்கும்னு. 2006-ல ஆட்சி மாறுனதும் மறுபடியும் பேரூராட்சி. ரெண்டு வருஷத்துல பலகை ரெண்டு தடவை மாறுச்சு.

மூணாவது வார்டு

பெயின்டருக்கு மட்டும் லாபம்.

ரசீதுபுத்தகம்

எந்தப் பக்கம் போனாலும் முன்னாடியே செய்ய வேண்டிய ஒண்ணு இருக்கு, இங்க யாரும் தொடல. பூங்கா நிலம்.

3,000 சதுர மீட்டருக்கு மேல மனைப்பிரிவு போட்டா 10 சதவீதம் பொது ஒதுக்கிடம், பூங்கா மாதிரி பொதுவுக்கு விடுற இடம். 10,000-க்கு மேலன்னா இடமாவே குடுத்தாகணும், 3,000-க்கும் 10,000-க்கும் நடுவுலன்னா பணமாக் கட்டலாம். அந்த இடத்தையும் ரோடுகளையும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் குடுத்தாத்தான் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி. எங்க கோளாறு வருதுன்னா, பத்திரம் பதிவாகும், பட்டா மாறாது. வருவாய்த்துறையோட நிலப் பதிவேடான அ-பதிவேட்டுல பழைய சொந்தக்காரர் பேரே நிக்கும். பத்து வருஷம் கழிச்சு வாரிசு வந்து அதே பூங்காவை மூணு மனையா வித்துருவாங்க. வாங்குனவர் வில்லங்கம் போட்டுப் பாத்திருப்பார், ஆனா உட்பிரிவுக்கு முந்தின சர்வே எண்ல தானப் பத்திரம் இருக்கிறதால அவர் கண்ணுல பட்டிருக்காது.

அதனால ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் அனுமதி எண், ஒப்புதல் வரைபட நகல், தானப் பத்திர எண், பட்டா யார் பேர்ல, நிலத்துல இப்ப என்ன நிக்குதுன்னு அஞ்சு கட்டம் போட்ட ஒரு பதிவேடு வேணும். 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி அனுமதி இல்லாமப் போட்டு 2017 திட்டத்துல வரன்முறை பண்ணின மனைகளுக்குத் தனிப் பக்கம், அதுல பலதுக்குப் பூங்காவே கிடையாது. நிர்வாகம் கை மாறும்போது முதல்ல தொலையறது இந்தக் கோப்புதான். ஊராட்சி பீரோவுல இருந்து ஒன்றிய அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து பேரூராட்சிக்குப் போகணும், நடுவுல எங்கயோ ஒரு மூட்டை.

மேல்தொட்டி

இதோட குழாய் வரைபடமும் சேருங்க. எந்த வால்வு எந்தத் தெருவுக்குன்னு தொட்டி இயக்குநர் மனசுல மட்டும்தான் இருக்கு.

கிராமசபைக்காரன்

பதிவேட்டுக்கு நானும் சரி. கிராமசபையில தீர்மானம் போட்டு, நாலு பேர் குழு அமைச்சு, மூணு மாசத்துல முடிக்கலாம். ஆனா கோவை உட்பட 28 மாவட்டத்துல தலைவர், வார்டு உறுப்பினர் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சு, பொறுப்பு தனி அலுவலர் கைக்குப் போயிருச்சு. டீக்கடையில மடக்கக்கூட ஆள் இல்லாம போச்சு. பீரோ சாவி இப்ப யார்கிட்ட இருக்குன்னு முதல்ல அதைக் கேட்டுட்டு வர்றேன்.

மூணாவது வார்டு

போறப்ப சொல்லுங்க அண்ணே, நானும் வர்றேன். எங்க பூங்காவுல இப்ப ஒரு ஷெட் நிக்குது.