பெரிய வீட்டுக் குழு: மெஸ்ஸுக்கு என்ன நிறம்?

செந்தில் (காலை 9:12)
காரைக்குடி மெஸ்ஸின் உள்பக்கத்துக்கு டிசைனர் வரைந்த படம் இது. எல்லோரும் பார்த்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கல்லுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

மல்லிகா அத்தை (9:15)
இனிய காலை வணக்கம் 🌹🌹

மீனா அக்கா (9:21)
தரையில் ஆத்தங்குடிப் பூக்கல், சுவரிலும் அதே பூக்கல், கூரையில் கண்டாங்கிச் சேலை, கைகழுவும் இடத்தில் அய்யனார் குதிரை, கல்லாவுக்குப் பின்னால் ரவிவர்மா படம். ஏன்டா தம்பி, சாப்பிட வருகிறவன் இலையைப் பார்ப்பானா, சுவரைப் பார்ப்பானா?

செந்தில் (9:23)
கலராக இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன் அக்கா. இப்போது பாதிப் பேர் போட்டோ எடுக்கத்தானே வருகிறார்கள்.

அம்மா (9:30)
குதிரை நேர்த்திக்கடனுக்கு விடுவது. அதைக் கைகழுவும் தொட்டி பக்கத்தில் வைத்தால் அப்பத்தா வாசல்படி மிதிக்க மாட்டார்கள். முதலில் அதை எடு.

செந்தில் (9:31)
எடுத்தாச்சு 🙏

சித்தப்பா (9:44)
நம் வீட்டு முகப்பை நினைத்துப் பார். நிறமெல்லாம் தரையிலும் ஜன்னல் கண்ணாடியிலும்தான். சுவர் வெள்ளை. முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், வெல்லம் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, கை வைத்தால் வழுக்கும். அந்த வெள்ளை இருப்பதால்தான் தரையின் சிவப்பும் பச்சையும் எடுப்பாகத் தெரிகிறது.

செந்தில் (9:46)
முட்டைப் பூச்சுக்கு ஆள் பிடித்துக் கூலி கொடுத்து முடிப்பதற்குள் மெஸ்ஸை மூட வேண்டியதுதான் 😅

சித்தப்பா (9:47)
அது எதற்கு? சாதாரணச் சுண்ணாம்பு அடி, போதும்.

ராஜா மாமா (10:05)
நேற்று ஆத்தங்குடிப் பட்டறைக்குப் போயிருந்தேன். சட்டத்துக்குள் கண்ணாடி, அதன் மேல் தகட்டு அச்சு. கட்டம் கட்டமாகக் கலர் சிமெண்ட் கூழை ஊற்றிவிட்டு அச்சை மெல்லத் தூக்குகிறார். கை ஆடினால் இதழ் இதழோடு கலந்துவிடும். மேலே மணலும் சிமெண்டும் தூவி, கலவை அப்பி, இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். சூளையே கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

அப்புறம் ஒன்று. போன வருஷம் எங்கள் மாடியில் கல் பதித்தவர் சிமெண்ட் கறை போகட்டும் என்று ஆசிட் ஊற்றிவிட்டார். மஞ்சள் முழுக்கச் சாம்பல் பூத்துப் போனது. உன் ஆளிடம் முதலிலேயே சொல்லிவை.

அம்மா (10:11)
அப்படியானால் சமையல்கட்டுக்கு அந்தக் கல் வேண்டாம். புளித்தண்ணீரும் எலுமிச்சையும் கொட்டுகிற இடம்.

செந்தில் (10:12)
அங்கே கிரானைட்தான்மா.

அம்மா (10:20)
அப்பத்தா சொல்லச் சொன்னார்கள்: தண்ணீரில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடை, நடக்க நடக்கத்தான் கல் மினுக்கும்.

மீனா அக்கா (10:22)
ராத்திரி கடை அடைத்தபிறகு துடை. பந்தி நடக்கும்போது எண்ணெய் போட்டால் சாம்பார் வாளியோடு விழுவார்கள்.

கண்டாங்கியைக் கூரையில் கட்டாதே. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை, அதில் ஒட்டடை தொங்க விடுவாயா? அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு, இந்த மூன்று நிறத்தை மட்டும் எடுத்து நாற்காலிக்கு அடி. அப்பளம் வைக்க ஓலைக் கொட்டான். அது போதும், வருகிறவன் எந்த ஊர்க் கடை என்று கேட்க மாட்டான்.

மல்லிகா அத்தை (10:25)
ரவிவர்மா லட்சுமி இருக்கட்டும். கல்லாவுக்கு நல்லது.

செந்தில் (10:40)
லட்சுமி இருப்பாள் அத்தை. சரி, சுவர்க்கல் ரத்து. தரை 600 சதுர அடி, 8 அங்குலக் கல் என்றால் 1,350 வருகிறது. உடைசலுக்கு 50 சேர்த்து 1,400 சொல்கிறேன்.

ராஜா மாமா (10:43)
50 பத்தாது, 100 சேர்த்துச் சொல். கலவைக்குக் கலவை நிறம் கொஞ்சம் மாறும். நாளைக்கு ஒரு கல் உடைந்தால் இதே சிவப்பு கிடைக்காது.

செந்தில் (10:44)
1,450. மாலையில் நீங்களும் வாங்க மாமா, சிவப்பை நேரில் பார்த்து முடிவு பண்ணலாம்.