புலன்கோள்: பெர்செப்சனுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

புலன்கள் வழியே வருவதை மனம் பொருளாக்கிக் கொள்வதை ஆங்கிலத்தில் பெர்செப்சன் (perception) என்பர். இதற்கு இலங்கை உளவியல் நூல்களில் ‘புலக்காட்சி’ வழங்குகிறது. ‘புலனுணர்வு’ என்று எழுதுவோரும் பலர். திருகோணமலையில் இப்பாடத்தைக் கற்பித்து வருபவன் என்ற முறையில், இரண்டிலும் எனக்குள்ள தடையைச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற மாதம் அக்காவின் மகளோடு கண்டி பஸ்ஸில் சென்றபோது வானொலியில் சிங்களச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சிங்களம் அறியாத அவள், “மாமா, இவர் மூச்சே விடாமல் கதைக்கிறார்” என்றாள். எனக்கோ ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. உண்மையில் தொடர்ந்து பேசும்போது சொல்லுக்குச் சொல் இடைவெளி விழுவதில்லை. இருவர் செவியிலும் விழுந்தது ஒரே ஒலிதான், அதைச் சொற்களாகப் பிரித்தது என் மனம். செவியில் விழுந்ததைப் புலனுணர்வு எனலாம். ஆனால் மனம் அதைப் பிரித்து, பொருளாக்கிக் கொண்ட செயலுக்கும் அதே பெயரை இட்டால், மாணவருக்கு நாம் விளக்க வந்த வேறுபாடே மறைந்துவிடும்.

‘புலக்காட்சி’ பிழையான சொல் அன்று. சைவ சித்தாந்தத்தில் காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளுள், அதாவது அறிவைப் பெறும் வழிகளுள், முதலாவதான காட்சி கண்ணுக்கு மட்டும் உரியதன்று. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் அதை வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நான்காக வகுத்தார். அவ்வளவு விரிந்த சொல் இன்று கண்ணளவில் சுருங்கிவிட்டதே என்ற வருத்தம் எனக்குண்டு. இருப்பினும், ‘செவிப்புலக்காட்சி’ என்று கரும்பலகையில் எழுதியதும் பிள்ளைகள் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பதை நான் ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன்.

எனவே ‘புலன்கோள்’ என்பதை முன்வைக்கிறேன். பெர்செப்சனின் இலத்தீன் வேர் முழுமையாகப் பற்றிக்கொள்வதைக் குறிக்கும். நாமும் விளங்கிக்கொண்டான், எடுத்துக்கொண்டான் என்றுதான் பேசுகிறோம். மனம் பற்றுவதைச் சொல்லக் ‘கொள்’ நம் நாவில் ஏற்கெனவே இருக்கிறது. ‘கோள்’ என்றால் கிரகமும் கோள் சொல்லுதலும் நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்கக்கூடும். மேற்கோள், குறிக்கோள், வேண்டுகோள் ஆகியவற்றைக் கேட்கும்போது எவருக்கும் வியாழனும் சனியும் நினைவுக்கு வருவதில்லை. செவிப் புலன்கோள், ஆழப் புலன்கோள், பிழைப் புலன்கோள் என்று இச்சொல் இடறாமல் நீள்கிறது. 1958இல் பிராங்க் ரோசன்பிளாட் விவரித்த, மூளை நரம்பணுவைப் பின்பற்றிய கணினி மாதிரியான பெர்செப்ட்ரானையும் ‘புலன்கோளி’ என்றுவிடலாம்.

அரசியலிலும் விளம்பரத்திலும் அடிபடும் பெர்செப்சனுக்கு இச்சொல் வேண்டாம். ஒரு கட்சியைப் பற்றி ஊரார் என்ன நினைக்கிறார்கள் என்பது புலன்களைப் பற்றிய செய்தி அன்று. அங்கே ‘மக்கள் எண்ணம்’ போதும், சில இடங்களில் ‘மனப்பதிவு’ இன்னும் பொருந்தும். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதை நாமும் ஒரே சொல்லில் அடக்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

புணர்ச்சியில் ஓர் ஐயம் மட்டும் எஞ்சியுள்ளது. பொன்னும் குடமும் பொற்குடம் ஆவதுபோல இதுவும் ‘புலற்கோள்’ ஆக வேண்டும். அப்படி எழுதினால் ‘புலன்’ மறைந்து, படிப்பவர் தடுமாறுவர் என்பதால் ‘புலன்கோள்’ என இயல்பாகவே விட்டிருக்கிறேன். இலக்கணம் வல்லோர் இதை ஏற்பார்களா என்பதை அறிய விரும்புகிறேன்.