அத்திக்காய்க்குள்ள குளவி: எப்படிப் பார்க்கிறதுங்க?

விலங்கியல் மாணவி, கோவை:
அத்தியும் அதுக்குள்ள வாழுற குளவியும் ஒண்ணையொண்ணு சார்ந்து சேர்ந்தே மாறி வந்த இணைப் பரிணாமத்தைப் படிச்சா மட்டும் பத்தலைங்க, கண்ணால பார்க்கோணும். நொய்யல்கரை அத்திப்பழத்தை அறுத்தா உள்ளே குளவியே இல்லைங்க. ஏன்?

நொய்யல்கரையான்:
பழத்துல துளை இருந்தா பெண்குளவிக பறந்தாச்சு கண்ணு. துளையில்லாம, அமுக்குனா லேசா அமுங்குற காயாப் பறிங்க. அஞ்சாறு போதும். கண்ணாடி பாட்டில்ல போட்டு மல்துணி கட்டுங்க. குளவி 2 மி.மீ. அளவுதான், கொசுவலைல தப்பிச்சுரும். மூடி போட்டு இறுக்குனா உள்ளே நீர் கோத்து, சிறகு ஒட்டிச் செத்துரும்.

ஆனைமலைக்காரர்:
ஒரு காயை மட்டும் அறுத்துப் பாருங்க. இறக்கையில்லாத ஆண்கள்தான் சுவரைக் குடைஞ்சு பெண்களுக்கு வழி செய்யும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காதுங்க! வெளிய வர்ற பெண்ணை லென்ஸ்ல பாருங்க: முட்டையிடும் குழல் குட்டையா இருந்தா மகரந்தம் சுமக்குற செரட்டோசோலன். வால் மாதிரி நீண்டிருந்தா, காய்க்கு வெளிய நின்னே துளைச்சு முட்டையிடுற வேற இனம். ரெண்டையும் சேர்த்து எண்ணிராதீங்க.

நொய்யல்கரையான்:
பாட்டில்ல மரமும் தேதியும் எழுதி ஒட்டிருங்க. ஒரு மரத்துக் காய் பெரும்பாலும் ஒண்ணா முத்தும். முட்டையிட அங்கே இளங்காய் இருக்காது, அதனால குளவி வேற மரம் தேடிப் போயாகணும்.