எல்எஸ்பியில் குரல் நிற்கவே மாட்டேன் என்கிறது: டயல் தவறா, என் காது தவறா?

சிப்புட்_தம்பி:
அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில், தோட்டத்துப் பக்கம் குடியிருக்கிறேன். அமெச்சூர் வானொலி உரிமம் கிடைத்த கையோடு யாரோ பயன்படுத்திய பழைய எச்எஃப் (சிற்றலை) செட் ஒன்றை வாங்கினேன். வீட்டுக்குப் பின்னால் இரண்டு செம்பனைகளுக்கு நடுவே டைபோல் (கம்பி ஆண்டெனா) கட்டியிருக்கிறேன். 7 மெகாஹெர்ட்ஸில், எல்எஸ்பி (கீழ்ப் பக்கப்பட்டை) முறையில், இரவு நேரத்தில் இந்தோனேசியக்காரர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் வருகிறார்கள். சிக்னல் பலத்தில் குறையே இல்லை.

குறை குரலில்தான். நான்கைந்து நண்பர்கள் கூடும் குழுவில் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஒருவர் வாத்துக் குரலில் கத்துகிறார். டயலைத் திருப்பி அவரைச் சரிசெய்தால், அடுத்தவர் அடித்தொண்டையில் உறுமுகிறார். அவரைச் சரிசெய்தால் முதலாமவர் கெட்டுப்போகிறார். போதாக்குறைக்கு என் முறை வரும்போது, "தம்பி, நீங்கள் தள்ளி நிற்கிறீர்கள்" என்கிறார்கள். கடைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். அலைன்மென்ட் (உள்ளே அதிர்வெண்ணைச் சீரமைப்பது) செய்ய வேண்டும் என்று செட் வாங்கிய விலையில் பாதியைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

கெடா_கேட்பவன்:
டயல் தவறாகக் காட்டுகிறது, வேறென்ன? பழைய செட் என்றால் அதிர்வெண்ணைப் பிடித்து நிறுத்தும் படிகம் வயதாகி, அதிர்வெண் நகர்ந்திருக்கும். கொடுத்துச் சரிசெய்துவிடுங்கள்.

ஈப்போ_அலை:
தம்பி, பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். கெடா நண்பர் சொல்வதுபோல் படிகம் நகர்ந்திருக்கலாம், ஆனால் உங்கள் சிக்கலுக்குக் காரணம் அதுவாக இருக்க முடியாது. டயல் 50 ஹெர்ட்ஸ் தப்பாகக் காட்டினால் எல்லாரும் ஒரே பக்கமாக, ஒரே அளவு தப்பாகக் கேட்க வேண்டும். உங்களுக்கு ஒருவர் மேலே, ஒருவர் கீழே. அப்படியென்றால் அவர்களே ஆளுக்கொரு இடத்தில் நிற்கிறார்கள்.

அதோடு, நீங்கள் காதால் கேட்டு டயலை வைக்கிறீர்கள். அனுப்புவதற்கும் பெறுவதற்கும் உங்கள் செட்டில் ஒரே ஆஸிலேட்டர்தான் (அதிர்வெண்ணை உண்டாக்கும் சுற்று). எண் என்ன காட்டினாலும், ஒருவரின் குரல் இயல்பாகக் கேட்கும் இடத்தில் நிறுத்தினால் நீங்கள் அனுப்புவதும் அவருடைய இடத்திலேயே போய் விழும்.

நடப்பது என்னவென்றால், யார் பேசினாலும் அவர் பின்னால் பெரிய டயலோடு ஓடுகிறீர்கள். டயல் நகரும்போது நீங்கள் அனுப்பும் அலையும் நகர்கிறது. கடைசியாகப் பேசியவர் 80 ஹெர்ட்ஸ் தள்ளி நின்றால் நீங்களும் 80 தள்ளி நின்று பேசுகிறீர்கள். உங்களைக் கேட்க இன்னொருவர் தன் டயலைத் திருப்புகிறார். இப்படியே போனால் படுக்கப் போகும் நேரத்துக்குள் குழு முழுவதும் கால் கிலோஹெர்ட்ஸ் ஊர்ந்துவிடும். பக்கத்தில் பேசுபவர்கள் வந்து சண்டை போடுவார்கள்.

குழுவை நடத்துபவர் ஒருவர் இருப்பார். அவர் குரலுக்கு மட்டும் டயலை வைத்துப் பூட்டுங்கள். மற்றவர்களுக்கு ஆர்ஐடி குமிழைத் திருப்புங்கள். அது பெறும் அதிர்வெண்ணை மட்டும் நகர்த்தும், அனுப்புவதைத் தொடாது. சில செட்டுகளில் அதற்குக் கிளாரிஃபையர் என்று பெயர்.

சிப்புட்_தம்பி:
நன்றி அண்ணா. ஆர்ஐடி குமிழ் இருக்கிறது, அது எதற்கென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நடத்துபவரின் குரல் "இயல்பாக" இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. கட்டைக் குரல்காரரா, கீச்சுக் குரல்காரரா என்று எனக்கு எப்படித் தெரியும்?

பழைய_ஒயர்மேன்:
சரியான கேள்வி. நானும் பாகான் செராய் பக்கம் மில்லில் ஒயர்மேனாக இருந்தவன், தம்பி. இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எஸ்எஸ்பியில் (ஒற்றைப் பக்கப்பட்டை) குரலைச் சுமக்கும் ஊர்தி அலையை அங்கேயே அமுக்கிவிட்டு, அதன் ஒரு பக்கத்தில் குரல் விழும் பட்டையை மட்டும் அனுப்புகிறார்கள். கீழ்ப் பக்கம் என்றால் எல்எஸ்பி, மேல் பக்கம் என்றால் யுஎஸ்பி. ஊர்தி எங்கே இருந்தது என்பதை உங்கள் டயல்தான் முடிவு செய்கிறது. ஓர் ஆணின் குரல் 120 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 240, 360, 480 என்று மடங்குகள் அடுக்கி நிற்கும். நீங்கள் 50 ஹெர்ட்ஸ் தள்ளி வைத்தால் எல்லாவற்றோடும் 50 கூடி 170, 290, 410, 530 என்று ஆகும். இவை 120இன் மடங்கும் அல்ல, 170இன் மடங்கும் அல்ல. ஆனால் இடைவெளி மட்டும் அதே 120. அதனால்தான் பேச்சின் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்க, குரல் மட்டும் தகரத்தில் பட்டு வருகிறது. நாடாவை வேகமாக ஓட்டினால் வரும் கீச்சுக் குரல் வேறு. அங்கே எல்லாம் ஒரே விகிதத்தில் பெருகும், மடங்கு கெடாது.

ஆகவே கட்டைக் குரலா கீச்சுக் குரலா என்று தேடாதீர்கள். "ஆ", "ஓ" என்று நீளும் இடத்தில் காதை வையுங்கள். தகரம் நீங்கி, குரல் சட்டென்று ஒன்றாகச் சேரும் ஓர் இடம் உண்டு. கீச்சுக் குரல்காரருக்கும் அந்த இடம் உண்டு. அவர் மைக்குக்குப் பின்னால் கோயில் மணியோ பாட்டோ கேட்டால் உங்கள் அதிர்ஷ்டம், இசை 20 ஹெர்ட்ஸ் தப்பினாலே காட்டிக்கொடுத்துவிடும்.

எல்எஸ்பியில் டயல் மேலே இருந்தால் வாத்து, கீழே இருந்தால் உறுமல். வாத்துப் பக்கத்திலிருந்து மெதுவாக இறங்கி வாருங்கள். உறுமல் பக்கத்திலிருந்து ஏறினால் காது சீக்கிரம் "போதும்" என்று சொல்லிவிடுகிறது. இது என் அனுபவம், மறுப்பவர்களும் உண்டு. டயலின் ஒரு தாவல் 100 ஹெர்ட்ஸில் இருந்தால் 10க்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த இடத்தைத் தாண்டித் தாண்டித்தான் போவீர்கள்.

கெடா_கேட்பவன்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் டயல் சரியா என்று தெரிந்துகொள்வது நல்லதுதானே?

பழைய_ஒயர்மேன்:
நல்லது, காசும் வேண்டாம். செட்டை அரை மணி நேரம் சூடாக விடுங்கள். சீனாவின் பிபிஎம் நேர நிலையம் 10 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும், டிக் டிக் என்று நொடி விழும். யுஎஸ்பியில் 9.999இல் வையுங்கள், ஒரு விசில் கேட்கும். எல்எஸ்பிக்கு மாற்றி 10.001இல் வையுங்கள். இரண்டு விசிலும் ஒரே சுருதியில் இருந்தால் டயல் சரி. இல்லையென்றால் வித்தியாசத்தில் பாதிதான் பிழை. கைப்பேசியில் சுருதி அளக்கும் செயலி போதும்.

இன்னொன்று: பேராக்கில் மாலை இடி எப்படி என்று உங்களுக்கே தெரியும். வானம் கறுத்தால் முதலில் ஆண்டெனா கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

சிப்புட்_தம்பி:
ஐயா, செய்து பார்த்தேன். விசில் யுஎஸ்பியில் 970 ஹெர்ட்ஸ், எல்எஸ்பியில் 1030. அப்படியென்றால் பிழை 30 ஹெர்ட்ஸ்.

ஈப்போ_அலை:
10 மெகாஹெர்ட்ஸில் 30 என்றால் 7இல் சுமார் 21. பத்து லட்சத்தில் மூன்று பங்கு. பழைய செட்டுக்கு இது மோசமே இல்லை. கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போடுங்கள்.

சிப்புட்_தம்பி:
நேற்றிரவு டயலைப் பூட்டிவிட்டு ஆர்ஐடியை மட்டும் திருப்பினேன். தள்ளி நிற்கிறேன் என்று யாரும் சொல்லவில்லை. குழுவில் மூன்றாமவர்தான் எப்போதும் வாத்து, அவருக்கு ஆர்ஐடியில் கழித்தல் 90 வேண்டியிருக்கிறது. அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை, வயதில் மூத்தவர்.

அடுத்து 14.320 மெகாஹெர்ட்ஸில் சீநெட்டை (தென்கிழக்காசிய அமெச்சூர்கள் தினமும் கூடும் குழு) கேட்க ஆசை. நம் நேரம் இரவு எட்டு மணிதானே?

ஈப்போ_அலை:
ஆமாம், எட்டு மணி. மூத்தவரிடம் குழுவை நடத்துபவர் சொல்லட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். 14இல் யுஎஸ்பி என்பதால் எல்லாம் தலைகீழ்: வாத்து கேட்டால் டயலை ஏற்ற வேண்டும். உங்கள் பிழை அங்கே சுமார் 43 ஹெர்ட்ஸ் ஆகும். டயலில் 14.320.00 என்று வைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள், நடத்துபவர் பேசும்வரை காத்திருந்து காதால் வையுங்கள். முதலில் ஆர்ஐடி அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முந்தைய இரவின் கழித்தல் 90 அப்படியே கிடக்கும்.